ஓரங்குலம் கூட்டும் கணக்கு

மேடு ஏறச் சிரமமாக இருக்கிறது என்று சைக்கிளின் பின்சக்கரத்தில் இருக்கும் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போடுகிறோம். செயினை மாட்டப் போனால் எட்டவில்லை. ஒரு துண்டைச் சேர்த்து ஒட்டுப்போட்டால் போயிற்று என்றுதான் தோன்றும். போடலாம். ஆனால் எவ்வளவு, எதோடு எதை, எப்படி என்று தெரிந்துகொண்டு சுத்தியலை எடுப்பது நல்லது.

காரணம், அந்த ஒட்டு தாங்க வேண்டிய சுமை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 170 மில்லிமீட்டர் கிராங்கில் எழுந்து நின்று மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் 44 பல் செயின்வீல். அதன் ஆரம் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி செயினை இழுக்கும் விசை சுமார் 115 கிலோ எடைக்குச் சமம். நல்ல செயினுக்கு இது பெரிய பாரமில்லை. ஒட்டு சரியில்லாத செயின் அந்த இடத்தில்தான் விட்டுக்கொடுக்கும். அதுவும் முழுப் பலத்தோடு மிதிக்கும்போதுதான். காலுக்கடியில் பெடல் சட்டென்று இறங்க, ஓட்டுபவர் ஹேண்டில்பார் மேல் கவிழ்வார்.

இரண்டு வகைக் கண்ணிகள்

செயினில் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறிமாறி வருகின்றன. உள்கண்ணியில் இரண்டு தகடுகள், அவற்றை இணைக்கும் இரண்டு புஷ்கள், புஷ்ஷின் மேல் சுழலும் உருளைகள். வெளிக்கண்ணியில் இரண்டு தகடுகளும் இரண்டு பின்களும். வெளிக்கண்ணியின் பின், உள்கண்ணியின் புஷ்ஷுக்குள் நுழைந்து திரும்புகிறது. மான்செஸ்டரில் செயின் தயாரித்துவந்த ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒரு பின்னின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்.

உள்கண்ணி வெளிக்கண்ணியோடு மட்டுமே சேரும். ஆகவே செயினை நீட்டுவதென்றால் ஒரு ஜோடியாக, குறைந்தது ஓரங்குலம் நீட்ட வேண்டும். அரை அங்குலம்தான் வேண்டும் என்றால், ஒரு முனை குறுகியும் மறுமுனை அகன்றும் தகடு வளைந்த அரைக்கண்ணி தனியாகக் கிடைக்கிறது.

நம் 22 பல்லுக்கு எவ்வளவு தேவை? செயின் ஒவ்வொரு பல்சக்கரத்தையும் ஏறக்குறைய பாதிதான் சுற்றுகிறது. 4 பல் கூடினால் செயின் பிடிக்க வேண்டியது 2 பல் கூடுதல்; 2 அரை அங்குலம் சேர்ந்து ஓரங்குலம். ஒரே ஒரு பல் கூடினால் ஒன்றையும் வெட்டி ஒட்ட வேண்டாம். சக்கரத்தின் நட்டைத் தளர்த்தி ஃபோர்க் பள்ளத்தில் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினாலே போதும். கியர் சைக்கிளில், முன்னால் பெரிய பல்சக்கரம், பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இரண்டின் மேலும், கியர் மாற்றும் கருவியான டிரெய்லர் வழியாக இல்லாமல் செயினைச் சுற்றி, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் ஓரங்குலம் கூட்டிக்கொள்வது வழக்கம். அதற்குக் குறைந்தால், பெரியதும் பெரியதுமாகக் கியர் விழும்போது டிரெய்லரையே பிடுங்கிவிடும்.

தேய்ந்த செயினில் ஒட்டாதீர்கள்

பழைய செயின் தானாகவும் நீள்கிறது. இரும்பு இழுபடுவதால் அல்ல. பின்னும் புஷ்ஷும் உரசித் தேய, கண்ணிக்குக் கண்ணி ஒரு மயிரிழை இடைவெளி கூடுகிறது. இரும்பு ஸ்கேலை ஒரு பின்னின் மையத்தில் வையுங்கள். 24 கண்ணிகள் தாண்டியதும் இன்னொரு பின் சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினையே மாற்றும் நேரம். 1/8 அங்குலம் தள்ளி நின்றால் பல்சக்கரமும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட செயினில் புதுத் துண்டைச் சேர்த்தால் இரண்டின் இடைவெளியும் ஒத்துப்போகாமல், அந்தத் துண்டு பல்லில் ஏறும்போதெல்லாம் ‘கடக்’ என்று குதிக்கும்.

லாக் போடும் விதம்

சாதாரண சைக்கிள் செயினின் இரண்டு முனையும் உள்கண்ணிகள். நடுவில் வெளிக்கண்ணியாக நிற்பது செயின் லாக். ஓரங்குலம் நீட்ட ஒற்றை உள்கண்ணியும் இன்னொரு லாக்கும் போதும். தட்டிப் பதிக்க வேண்டிய வேலையே இல்லை. முனைகள் இரண்டையும் ஃப்ரீவீலின் பற்களில் அடுத்தடுத்து உட்கார வைத்தால் அவை நழுவாது. லாக்கை உட்புறமிருந்து நுழைத்து, வெளித்தகட்டை மாட்டி, மீன் வடிவ கிளிப்பைப் பின்களின் காடியில் வைத்துக் கட்டிங் பிளையரால் அழுத்தினால் ‘டிக்’கென்று விழும். கிளிப்பின் மூடிய தலை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்வரிசையில் அது ஹேண்டில்பார் பக்கம். பிளந்த வால் முன்னே போனால் செயின் கவரில் உரசிக் கழன்றுவிடும்.

கியர் சைக்கிள் செயினில் கதை வேறு. மெல்லிய தகட்டில் பின்னின் முனையை விரித்துப் பதித்திருப்பார்கள். அதை வெளியே தள்ளும்போது அந்த விரிப்பு சிதைந்து, துளையும் பெரிதாகிறது. அதே பின்னைத் திரும்ப அடித்து ஏற்றினால் கண்ணுக்குச் சரியாகவே தெரியும்; கியர் மாற்றும்போது செயின் பக்கவாட்டில் நெளிய, தகடு நழுவும். ஆகவே செயினின் அகலத்துக்கு, அதாவது 8, 10, 11 என்ற வேக எண்ணுக்கு, ஏற்ற, கையால் மாட்டும் இணைப்புக் கண்ணியான குவிக் லிங்க்கோ அந்த நிறுவனமே தரும் புதுப் பின்னோதான் போட வேண்டும். குவிக் லிங்க்கை மாட்டி மேல்வரிசைக்குக் கொண்டுவந்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்.

முடித்ததும் பெடலை மெல்ல எதிர்த்திசையில் சுற்றிப் பாருங்கள். ஃப்ரீவீலை விட்டு வரும்போது ஒரு கண்ணி மட்டும் மடங்கியே வந்தால் தகடுகள் அங்கே இறுகியிருக்கின்றன என்று பொருள். அந்த இடத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் தளரும். ஒற்றைக் கியர் சைக்கிளில் செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடினால் சரியான தொய்வு. அதன் பிறகு சமதளத்தில் உட்கார்ந்தபடி சிறிது தூரம் ஓட்டி, இறங்கி லாக்கை இன்னொரு முறை பாருங்கள். எழுந்து நின்று மிதிப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.