குள்ளக் கடற்குதிரை வளர்ப்புத் தொட்டி

குள்ளக் கடற்குதிரை வளர்ப்புத் தொட்டி என்பது ஹிப்போகாம்பஸ் சோஸ்டெரே என்னும் அறிவியற் பெயர் கொண்ட மிகச் சிறிய கடற்குதிரை இனத்தை வளர்ப்பதற்கென அமைக்கப்படும் சிறு கடல்நீர்த் தொட்டி ஆகும். இது பொதுவாக 10 முதல் 20 லிட்டர் வரை கொள்ளளவு உடையது. அளவிற் சிறியதாயினும், இதற்கெனத் தனியே உயிருணவை நாள்தோறும் உருவாக்க வேண்டியிருப்பதால், பராமரிக்கக் கடினமான தொட்டி வகைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இந்தியாவில் கடற்குதிரைகள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், உரிய அனுமதியின்றி அவற்றை வீட்டில் வைத்திருத்தல் குற்றமாகும். எனவே இக்கட்டுரை தொட்டியின் இயக்கத்தையும், கடலிலிருந்து தொலைவில் உள்ள சேலம், நாமக்கல் சமவெளியின் நீரும் வெப்பமும் அதற்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும், அதே முறையைச் சட்டத்திற்கு உட்பட்டுப் பயில்வதற்கான வழியையும் விளக்குகிறது.

உயிரினம்

இவ்வினத்தை 1882-ஆம் ஆண்டில் டேவிட் ஸ்டார் ஜோர்டன், சார்லஸ் ஹென்றி கில்பர்ட் ஆகிய அமெரிக்க மீனியலாளர்கள் விவரித்தனர். மெக்சிகோ வளைகுடா, புளோரிடா, பஹாமாஸ் பகுதிகளின் ஆழமற்ற கடற்புல் படுகைகளில் இது வாழ்கிறது. சோஸ்டெரா என்னும் கடற்புற் பேரினத்தின் பெயரே இதன் சிற்றினப் பெயருக்கு அடிப்படையாயிற்று. வளர்ந்த மீன் பெரும்பாலும் 2 முதல் 2.5 செ.மீ. உயரமே இருக்கும். வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

கின்னஸ் பதிவேடு இதனை உலகின் மிக மெதுவாக நீந்தும் மீனாகக் குறிப்பிடுகிறது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர். ஆயினும் இரை பிடிப்பதில் இது மிகத் திறமையானது. அமைதியான நீரில் இதன் தாக்குதல்களுள் ஏறத்தாழ 90 விழுக்காடு வெற்றி பெறுவதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதன் தலையின் வடிவம் மூக்கு நுனிக்கு முன்னுள்ள நீரைக் கலக்காதபடி அமைந்திருப்பதால், கோபிபாடுகள் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகள் அது நெருங்குவதை உணர்வதில்லை. நீரோட்டம் மிகுந்த தொட்டியில் இத்திறன் பயன்படாது என்பது இதனால் விளங்கும்.

கடற்குதிரைகளுக்குப் பற்களும் இரைப்பையும் இல்லை. விழுங்கிய இரை குடலில் விரைவாகக் கடந்து சென்றுவிடும். ஆகவே அவை சிறிது சிறிதாக நாள் முழுவதும் உண்ண வேண்டும். உணவைச் சேமித்துவைக்க வழியில்லாத இவ்வுடலமைப்பே தொட்டியின் அமைப்பு முழுவதையும் தீர்மானிக்கிறது எனலாம்.

சிறிய தொட்டி ஏன்?

பொதுவாகத் தொட்டி பெரிதாக இருந்தால் நீரின் தன்மை நிலையாக இருக்கும். பெரிய கடற்குதிரை இனங்களுக்கு உயரமான, பெரிய தொட்டிகளே பரிந்துரைக்கப்படுகின்றன. குள்ளக் கடற்குதிரைக்கு மட்டும் இவ்விதி மாறுபடுகிறது. இம்மீன் இரையைத் துரத்திச் செல்வதில்லை. புல்லைப் பற்றியபடி, அருகில் வரும் இரையையே உறிஞ்சுகிறது. 100 லிட்டர் தொட்டியில் இடப்படும் இரை நீர் முழுவதும் சிதறிவிடுவதால், மீன் இரையின் நடுவிலேயே பட்டினி கிடக்க நேரிடும். சிறு தொட்டியில் அதே அளவு இரை மீனின் எட்டும் தொலைவில் அடர்ந்து நிற்கும்.

இதற்கு ஈடாக, சிறு தொட்டியின் நீர் விரைவில் கெடும், விரைவில் சூடேறும், விரைவில் உவர்ப்பு மிகும். 20 லிட்டர் தொட்டியில் 3 அல்லது 4 இணைகளுக்கு மேல் இடாதிருத்தல் நன்று. வேறு மீன்களையோ நண்டுகளையோ உடன் வைத்தல் கூடாது.

நீரும் உப்பும்

தொட்டி நீரின் உவர்ப்பு லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் வரையும், கார அமிலச் சுட்டெண் 8.0 முதல் 8.4 வரையும் இருக்க வேண்டும். 20 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 700 கிராம் கடல் உப்புக் கலவை தேவைப்படும். சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. அது ஏறத்தாழ முழுவதும் சோடியம் குளோரைடே ஆகும். கடல்நீரில் உள்ள மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் போன்றவை அதில் போதிய அளவில் இல்லை.

சேலம் நகரம் வங்கக் கடலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 175 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே இங்குக் கடல்நீர்த் தொட்டி அமைப்பதாயின் நீரைச் செயற்கையாகவே தயாரிக்க வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்கள் பெரும்பாலும் கடினப் பாறைப் பகுதிகள். இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினத்தன்மை மிக்கது. சில இடங்களில் ஃபுளோரைடும் மிகுந்துள்ளது. இத்தகைய நீரில் உப்புக் கலவையைக் கரைத்தால், கிடைக்கும் கலவை கடல்நீரின் விகிதத்தில் அமையாது. மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும். எதிர் சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டிய நீரே, அதாவது வழக்கில் ஆர்.ஓ. நீர் எனப்படுவதே, உப்புக் கரைக்க ஏற்றது.

ஆவியாதலின்போது நீர் மட்டுமே வெளியேறும், உப்பு தங்கிவிடும். 35 கிராம் உவர்ப்புள்ள 20 லிட்டர் நீரில் ஒரு லிட்டர் ஆவியானால், உவர்ப்பு 36.8 கிராமாக உயரும். எனவே நாள்தோறும் குறையும் அளவை உப்பில்லா ஆர்.ஓ. நீரால் நிரப்ப வேண்டும். உப்பு நீரால் நிரப்பினால் உவர்ப்பு மேன்மேலும் கூடும். தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டக் குறி ஒன்றை இட்டு வைத்தல் எளிய வழியாகும்.

வடிகட்டியும் பற்றிடங்களும்

காற்றேற்றியால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே இதற்கு உகந்தது. அது மீன்களையும் இரையையும் உறிஞ்சாது. நீரோட்டமும் மென்மையாக இருக்கும். பஞ்சில் வளரும் பாக்டீரியங்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இப்பாக்டீரியங்கள் போதிய அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். அதற்குப் பின்னரே மீன்களை இட வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியாக இருத்தல் இன்றியமையாதது.

கடற்குதிரைகள் வாலால் பற்றிக்கொள்ளப் பற்றிடங்கள் தேவை. மெல்லிய செயற்கைச் செடிகளும், கௌலெர்ப்பா போன்ற கடற்பாசிகளும் பயன்படுத்தப்படுகின்றன. வெளிநாட்டு நூல்களில் கடல்விசிறி, உயிர்ப்பாறை ஆகியவையும் பரிந்துரைக்கப்படுவதுண்டு. இந்தியாவில் கடல்விசிறிகளும் பாறை உருவாக்கும் பவளங்களும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

வெப்பநிலை

இவ்வினத்திற்கு 20 முதல் 25 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை பரிந்துரைக்கப்படுகிறது. இயற்கையில் இதனினும் மிகுந்த வெப்பத்தை இவை தாங்குகின்றன. ஆனால் சிறு தொட்டியில் வெப்பம் கூடும்போது நோய்க் கிருமிகள் விரைந்து பெருகுவதோடு, நீரில் கரைந்துள்ள உயிர்வளியும் குறைகிறது. 20 பாகையில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏறத்தாழ 6.2 மில்லிகிராமாகக் குறையும்.

ஏப்ரல், மே மாதங்களில் சேலம், நாமக்கல் சமவெளியில் பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது வழக்கம். நீர்ப்பரப்பின்மீது சிறு விசிறியை இயக்கினால், ஆவியாதலால் வெப்பம் இரண்டு மூன்று பாகை குறையலாம்; ஆனால் உவர்ப்பு விரைவாக உயரும். பனிக்கட்டிப் புட்டிகளை இடுவது திடீர் மாற்றங்களை உண்டாக்கும். ஆகவே இப்பகுதியில் குளிரூட்டப்பட்ட அறையோ, தொட்டிக்கான குளிரூட்டியோ இன்றிக் கோடையைக் கடத்தல் அரிது. மின்தடையின்போது இயங்க மின்கலக் காற்றேற்றி ஒன்றும் தேவை.

உயிருணவு

குள்ளக் கடற்குதிரை பொதுவாக உலர் உணவையோ உறைய வைத்த உணவையோ ஏற்பதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் இம்மீன்கள் இதழ் விளம்பரங்கள் வழியாக அஞ்சலில் விற்கப்பட்டன. தொடர்ந்து உயிருணவு தர இயலாத வீடுகளில் அவை பிழைத்திருக்க வாய்ப்பில்லை.

வழக்கமான உணவு ஆர்ட்டீமியா எனப்படும் உவர்நீர் இறாலின் இளம் உயிரிகள் ஆகும். தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா காணப்படுகிறது. இதன் உலர்ந்த முட்டைகள் பல ஆண்டுகள் உறங்கு நிலையில் இருந்து, உவர்நீரில் இட்டவுடன் விழித்தெழக்கூடியவை. ஒரு கிராமில் 2 முதல் 3 இலட்சம் முட்டைகள் வரை இருக்கும். பொரிக்க வைக்கும் முறை பின்வருமாறு:

1. தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பகுதி நீக்கப்பட்ட புட்டியில் ஒரு லிட்டர் நீரும் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் உப்பும் இடுக. இதற்கு அயோடின் சேராத கல்லுப்பே போதும்.
2. ஒரு சிட்டிகை முட்டைகளை இட்டு, அடியிலிருந்து வலுவாகக் காற்றேற்றுக. வெளிச்சமும் 26 முதல் 28 பாகை வெப்பமும் தேவை.
3. 18 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்தபின் காற்றை நிறுத்துக. ஓடுகள் மேலே மிதக்கும். இளம் உயிரிகள் ஒளியை நாடுபவை ஆதலால், அடியில் விளக்கு வைத்தால் அங்குத் திரளும்.
4. அடியில் திரண்டவற்றை மெல்லிய குழாயால் உறிஞ்சி, நுண்துணியில் வடித்து, நன்கு கழுவித் தொட்டியில் இடுக. ஓடுகள் கலந்தால் மீனின் குடல் அடைபடக்கூடும்.

புதிதாகப் பொரித்தவை தம் உடலிலுள்ள கருவுணவால் ஊட்டம் மிக்கவை. நேரம் செல்லச் செல்ல அவ்வூட்டம் குறையும். அடுத்த தோலுரிப்புக்குப் பின்னரே அவை உண்ணத் தொடங்கும். அப்போது கொழுப்பு அமிலக் கரைசலை ஊட்டி அவற்றின் சத்தைப் பெருக்கலாம். நாள்தோறும் இருமுறையேனும் புதிய இரை வேண்டியிருப்பதால், இரண்டு புட்டிகளை 12 மணி நேர இடைவெளியில் மாறி மாறி இயக்குவர். ஒரு புட்டி பொரிக்கத் தவறினும் மற்றொன்று கைகொடுக்கும்.

ஹைட்ராய்டுகள்

உயிருணவு நிறைந்த தொட்டியில் ஹைட்ராய்டு எனப்படும் நுண்ணிய கொட்டும் உயிரிகள் பெருகுவது இயல்பு. ஜெல்லிமீன்களின் உறவான இவை குட்டிகளைக் கொல்லவல்லவை. கால்நடைகளுக்குக் குடற்புழு நீக்க மருந்தாகத் தரப்படும் ஃபென்பெண்டசோல் இவற்றை அழிக்கப் பயன்படுகிறது. அது பவளங்கள், புழுக்கள், சிலவகை நத்தைகள் ஆகியவற்றையும் கொல்லும். பாறைகளில் நெடுங்காலம் தங்கும். ஆதலால் மீன்களை இடுமுன்பே, வெறுந்தொட்டியில் இதனைப் பயன்படுத்துவர்.

இனப்பெருக்கம்

பெண் மீன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இடும். ஏறத்தாழ 10 முதல் 12 நாட்களில் ஆண் குட்டிகளை வெளியிடும். குட்டிகள் 7 முதல் 9 மி.மீ. நீளம் உடையவை; பிறந்த நாளிலேயே ஆர்ட்டீமியா இளம் உயிரிகளை உண்ணவல்லவை. பிற கடற்குதிரை இனங்கள் பலவற்றின் குட்டிகளுக்கு இன்னும் நுண்ணிய இரை தேவைப்படுவதால் அவற்றை வளர்த்தல் கடினம். குள்ளக் கடற்குதிரையைத் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பெருக்க முடிவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

சட்ட நிலையும் தமிழகக் கடற்குதிரைகளும்

பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பல கடற்குதிரை இனங்கள் வாழ்கின்றன. இவை உலர்த்தப்பட்டுக் கிழக்காசிய மரபு மருத்துவத்திற்காக ஏற்றுமதி செய்யப்பட்டு வந்தன. 2001-ஆம் ஆண்டில் இந்திய அரசு, தனித்தனி இனங்களைக் குறிப்பிடாது, கடற்குதிரைகளும் குழல்மீன்களும் அடங்கிய குடும்பம் முழுவதையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் கடற்குதிரைகளைச் சேர்க்க 2002-இல் முடிவு செய்யப்பட்டு, 2004-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், அவ்வுடன்படிக்கைக்கு உட்பட்ட உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது.

தடைக்குப் பின்னும் கடற்குதிரைகள் வலையில் சிக்குவது நிற்கவில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 இலட்சம் முதல் 1.36 கோடி வரை கடற்குதிரைகள் பிடிபடுவதாக 2021-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இழுவலைகளில் பிற மீன்களோடு தற்செயலாகச் சிக்குவதே இதற்கு முதன்மைக் காரணம். வணிகத் தடை மட்டுமே இவற்றைக் காக்கப் போதாது என்பதும், கடற்புல் படுகைகளில் இழுவலைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் இதனால் புலப்படும்.

செயற்கை வளர்ப்பு இந்தியாவில் ஆய்வு நிலையில் நடைபெற்றுள்ளது. கோவாவிலுள்ள தேசியப் பெருங்கடலியல் நிறுவன ஆய்வாளர்கள், முப்புள்ளிக் கடற்குதிரையை வளர்ப்புச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்த முறையை 2009-இல் வெளியிட்டனர். தனியார் எவரேனும் வெளிநாட்டுக் கடற்குதிரையை விற்க முன்வந்தாலும், வனத்துறையின் எழுத்து வழியான அனுமதி இன்றி வாங்குதல் கூடாது.

நன்னீர்த் தொட்டியில் பயில்தல்

மேற்கூறிய முறையின் பெரும்பகுதியைக் கப்பி, சண்டைமீன் போன்ற சாதாரண வண்ணமீன்களின் குஞ்சுகளைக் கொண்டு, பள்ளியிலோ வீட்டிலோ பயிலலாம். 20 லிட்டர் தொட்டி, பஞ்சு வடிகட்டி, குளோரின் நீக்கிய காவிரி நீர், இரண்டு ஆர்ட்டீமியா புட்டிகள் ஆகியவை போதும். இவ்வெப்பநிலையை அம்மீன்கள் ஓரளவு தாங்கும். ஆர்ட்டீமியா நன்னீரில் நெடுநேரம் உயிர்வாழாது. ஆகவே குஞ்சுகள் சில நிமிடங்களில் உண்ணும் அளவே இட்டு, எஞ்சியதை அகற்ற வேண்டும்.

ஒரு புட்டியை நிழலான அறையிலும் மற்றொன்றை வெயிலின் வெப்பம் படும் இடத்திலும் வைத்து, பொரிக்கும் நேரத்தைக் குறித்தல்; ஏப்ரல் மாதத்தில் நாள்தோறும் ஆவியாகும் நீரை அளத்தல்; அம்மோனியா அளவு வாரந்தோறும் மாறுவதை வரைபடமாக்குதல் ஆகியவை மாணவர்களுக்கு ஏற்ற பயிற்சிகளாகும். ஒரு மாதம் தடையின்றிப் புட்டிகளை இயக்கிய ஒருவருக்கு, கடற்குதிரை வளர்ப்பில் மீனைவிட அதன் இரையே பெரிய பொறுப்பு என்பது அனுபவத்தில் விளங்கும். மிகுதியாகும் மீன்களை ஏரி, குளங்களிலோ காவிரியிலோ விடுதல் கூடாது. அவை நாட்டு மீன்களுக்குக் கேடு விளைவிக்கும்.