செத்துக்கிடந்த விண்வெளி வீடு! உயிர் கொடுத்த 2 வீரர்கள்!

பூமிக்கு மேலே சில நூறு கிலோ மீட்டர் உயரத்தில் ஒரு வீடு. உள்ளே ஆள் இல்லை. விளக்கு இல்லை. ரேடியோவில் கூப்பிட்டால் பதிலும் இல்லை!

1985-ம் ஆண்டு பிப்ரவரியில் சோவியத் ரஷியாவின் 'சல்யூட்-7' விண்வெளி நிலையம் இப்படித்தான் திடீரென்று ஊமையாகிப் போனது. 1984 ஏப்ரலில் நம் ராகேஷ் சர்மா போய்த் தங்கிவிட்டு வந்தாரே, அதே நிலையம்தான்.

விண்வெளி நிலையம் என்றால் என்ன என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லலாம். அது சுமார் 16 மீட்டர் நீளமுள்ள ஒரு உலோக வீடு. மணிக்கு ஏறக்குறைய 28 ஆயிரம் கிலோ மீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றும். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். அதன் இறக்கைகளில் வெயில் பட்டால் கரண்ட் உண்டாகி பேட்டரியில் சேரும். பூமியின் நிழலுக்குள் போகும்போது பேட்டரிதான் கதி.

அந்த பேட்டரிதான் காலி!

கையால் ஓட்டினார்!

1985 ஜூன் 6-ந்தேதி 2 வீரர்கள் 'சோயுஸ் டி-13' விண்கலத்தில் கிளம்பினார்கள். ஒருவர் விளாடிமிர் ஜானிபெகோவ், 43 வயது. இது அவருக்கு 5-வது பயணம். இன்னொருவர் என்ஜினீயர் விக்டர் சவினிக், 45 வயது.

வழக்கமாக நிலையமும் விண்கலமும் ரேடியோவில் பேசிக்கொண்டு தானாகவே ஒட்டிக்கொள்ளும். இங்கே ஒரு பக்கம் பிணம் மாதிரிக் கிடக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்து, லேசர் கருவியால் தூரத்தை அளந்து, ஜானிபெகோவ் கையாலேயே ஓட்டினார். வேகம் கொஞ்சம் கூடினால் மோதல்! ஜூன் 8-ந்தேதி பத்திரமாக ஒட்டியது.

மூச்சே எமன்!

கதவைத் திறந்து நுழைந்தால் கும்மிருட்டு. சுவர் எல்லாம் உறைபனி. தண்ணீர் கட்டியாகிக் கிடந்தது. கம்பளித் தொப்பியும் கனத்த உடுப்புமாக டார்ச் விளக்குடன் இறங்கினார்கள்.

குளிரைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. அங்கே எடை கிடையாது. மின்விசிறியும் ஓடவில்லை. மனிதன் விடும் மூச்சு கலைந்து போகாது. முகத்தைச் சுற்றியே தங்கிவிடும். அதையே திரும்பத் திரும்ப இழுத்தால் மயக்கம்தான்! அதனால் முதலில் ஒருவர் வேலை செய்ய, மற்றவர் கவனித்துக்கொண்டார்.

கொண்டுபோன தண்ணீரும் கொஞ்சம்தான். அது தீருவதற்குள் கரண்ட் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் கைவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

8 பேட்டரிகளில் 6 தேறும் என்று தெரிந்தது. வெயில் இறக்கையில் இருந்து வரும் ஒயர்களை நேராக பேட்டரியோடு வெறுங்கையால் முறுக்கிச் சேர்த்தார்கள். பிறகு விண்கலத்தின் என்ஜினை இயக்கி, நிலையத்தையே சூரியன் பக்கம் திருப்பினார்கள். பேட்டரி ஏறியது. விளக்கு எரிந்தது!

குற்றவாளி யார்?

ஒரு சின்னஞ்சிறு கருவி! பேட்டரி நிரம்பிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. அது பழுதாகி, நிரம்பாத பேட்டரியை நிரம்பியதாகக் காட்டி, வெயில் கரண்டை உள்ளே விடாமல் தடுத்துவிட்டது. ரேடியோவும் கெட்டிருந்ததால் கீழே யாருக்கும் விஷயம் தெரியவில்லை. கொட்டும் வெயிலில் நின்றபடியே வீடு உறைந்து போச்சு.

பனி உருகியதும் அடுத்த தலைவலி. ஒயர்களில் தண்ணீர் பட்டால் ஷார்ட் ஆகிவிடுமே! கிடைத்த துணியை எல்லாம் எடுத்து மூலை முடுக்கெல்லாம் துடைத்தார்கள்.

ஜூன் 23-ந்தேதி ஆள் இல்லாத சரக்குக் கலம் தண்ணீரும் எரிபொருளும் கொண்டுவந்து சேர்த்தது. ஜானிபெகோவ் செப்டம்பர் 26-ந்தேதியும், சவினிக் நவம்பர் 21-ந்தேதியும் பூமி திரும்பினார்கள்.

பிழைத்த நிலையம் 1991 பிப்ரவரி 7-ந்தேதி வரை பறந்தது. அன்று காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்தது. எரிந்தது போக மிச்சத் துண்டுகள் அர்ஜென்டினாவில் சிதறின.