இடம் கிடைத்த கல்லூரியைப் பார்க்கப் போகும் குடும்பங்களின் கவனத்திற்கு



பிளஸ் டூ முடிவு வந்து, கலந்தாய்வில் இடமும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பல வீடுகளில் இருந்துவிடுகிறார்கள். அந்தக் கல்லூரியின் வாசலைப் பிள்ளை முதன்முதலாக மிதிப்பதே பணம் கட்டும் அன்றுதான். இப்போது பல கல்லூரிகள் இடம் பெற்ற மாணவர்களையும் பெற்றோரையும் ஒரு நாள் வரவழைத்துச் சுற்றிக் காட்டுகின்றன. அப்படி அழைக்காத கல்லூரியையும் நாமே போய்ப் பார்க்கலாம்.

பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகும் குடும்பத்திற்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் செலவு வேறு. அதனால்தான் அந்த ஒரு நாளை வீணாக்காமல் பயன்படுத்துவது பற்றி இங்கே எழுதுகிறோம்.

முதலில், யார் போவது? பிள்ளையோடு விவரம் தெரிந்த மாமாவை அனுப்பிவிட்டு அத்தாவும் அம்மாவும் வீட்டில் இருப்பது நம்மூர் வழக்கம். பெண் பிள்ளை என்றால் அம்மா கட்டாயம் போக வேண்டும் என்பது நமது கருத்து. கழிப்பறை, பெண்கள் ஓய்வறை, விடுதி அறை, தண்ணீர் வசதி எல்லாம் அம்மாவின் கண்ணுக்குத்தான் படும். ஆண்களுக்கு வரவேற்பறை சோபாவும் பெரிய கட்டடமும் போதும், திருப்திப்பட்டு வந்துவிடுவார்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். பொறியியல் கலந்தாய்வில் ஒதுக்கீடு வந்த பிறகு, ஏற்றுக்கொண்டு சேர்வதா, இதைவிட மேலான விருப்பத்திற்குக் காத்திருப்பதா என்று முடிவு சொல்லச் சில நாட்கள்தான் தருகிறார்கள். சேர்வதாகச் சொன்னவர்கள் குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போகாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். ஆகவே விருப்பப் பட்டியல் கொடுப்பதற்கு முன்பே, அருகில் உள்ள இரண்டு மூன்று கல்லூரிகளையாவது பார்த்துவிடுவது நல்லது. சிவகாசியிலும் விருதுநகரிலும் கலைக் கல்லூரியும் உண்டு, பொறியியல் கல்லூரியும் உண்டு. காலையில் புறப்பட்டால் ஒரே நாளில் இரண்டைப் பார்த்துவிடலாம். அரசுக் கலைக் கல்லூரிகளில் கலந்தாய்வே கல்லூரியில்தான் நடக்கும் என்பதால், அன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் போதும்.

உள்ளே போனதும் சுற்றிக் காட்டுபவரோடு நடங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு அரை மணி நேரம் தனியாக இருங்கள். கேண்டீனிலோ பஸ் நிற்கும் இடத்திலோ இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருப்பார்கள். உங்கள் பிள்ளையை அவர்களிடம் அனுப்பிப் பேசச் சொல்லுங்கள், பெரியவர்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, லேபில் மிஷினைத் தொட விடுவார்களா, தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் முதல் செமஸ்டரை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கட்டும். அச்சடித்த விவரக் கையேட்டில் வராத பதில்கள் அங்கேதான் கிடைக்கும்.

வாசலில், வேலை கிடைத்தவர்களின் படம் போட்ட பலகை இருக்கும். அதில் மிகப் பெரிய சம்பளம் ஒன்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒருவருடைய சம்பளம்தான். ‘எங்கள் பிள்ளை சேரும் பிரிவில் போன வருடம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, பெரும்பாலோருக்கு என்ன சம்பளம்?’ என்று அந்தத் துறைப் பேராசிரியரிடமே கேளுங்கள். நாக் தரச் சான்று கல்லூரி முழுவதற்கும் உரியது. என்பிஏ அங்கீகாரம் தனித்தனிப் பாடப்பிரிவுக்குத் தருவது. ஒரு பிரிவுக்கு வாங்கியதை எல்லாப் பிரிவுக்கும் வாங்கியதுபோல் சொல்வதும் நடக்கிறது. நம் பிரிவுக்கு உண்டா, இந்த வருடமும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். டியூஷன் கட்டணம் மட்டும் சொல்லி, பஸ், சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைப் பிறகு சொல்வார்கள். நான்கு வருடத்திற்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லூரி பஸ் கட்டாயமா, நம்மூர்ப் பக்கம் எந்த நிறுத்தத்தில் நிற்கும், மாலையில் எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்பதும் அதில் சேரும். ரசீது இல்லாமல் எந்தப் பணமும் கொடுக்காதீர்கள். நன்கொடை வாங்குவதைத் தடுக்க 1992 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

அரசு உதவிகளையும் அன்றே விசாரித்துவிடுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால், அரசு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சேருபவருக்கு டியூஷன் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடைக்காது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் பெற்றவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்கிற்கே வரும். இவற்றுக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், எனவே பொறுப்பாளர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீட்டிற்குச் சாதிச் சான்றில் பி.சி. முஸ்லிம் என்று இருக்க வேண்டும். பழைய சான்றில் வேறு விதமாக இருந்தால் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

நம் வீட்டுக் கேள்விகளும் சில உண்டு. ஜும்ஆ நேரத்தில் வகுப்பு இருக்குமா, லுஹர் தொழ இடம் உண்டா, பர்தா அணிந்து வர ஆட்சேபணை உண்டா, விடுதியில் சைவச் சாப்பாடு தனியாகக் கிடைக்குமா? இவற்றைச் சேர்ந்த பிறகு கேட்டு மனக்கசப்பு அடைவதைவிட, முன்பே மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல நிர்வாகமும் பதில் சொல்லும். ராகிங் தடுப்புக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணைப் பிள்ளையின் போனில் ஏற்றிவிடுங்கள்.

அசல் சான்றிதழ் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். சரிபார்க்கக் காட்டலாம், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யூ.ஜி.சி. 2018இல் வெளியிட்ட அறிவிக்கை சொல்கிறது. விலகினால் பணம் திரும்பக் கிடைப்பதற்கும் அதில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் ஒரு சிறு தொகை போக மீதி முழுவதும் கிடைக்கும். பிறகு படிப்படியாகக் குறைந்து, கடைசி நாள் கழிந்து 30 நாளுக்கு மேல் போனால் ஒன்றும் கிடைக்காது. அந்தக் கடைசி நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மனம் மாறுவதென்றால் அதற்குள் மாற வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளையிடம் கேளுங்கள், அதன் பேச்சை முடிக்க விடுங்கள். கட்டணத்தாளையும் ஒதுக்கீட்டு ஆணையின் நகலையும் எடுத்துக்கொண்டு இஷாவுக்குப் பிறகு நமது அலுவலகத்திற்கு வந்தால் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். கல்வி உதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே வரவும்.