வலை நிர்வாகப் பலகத்தில் அமைவு மாற்றத் தாமதம்: வெப்மின், அப்பாச்சி வழி ஒரு விளக்கம்

முன்னுரை

வழங்கியின் அமைவுகளை உலாவி வழியே மாற்ற உதவும் மென்பொருள் வலை நிர்வாகப் பலகம் எனப்படும். ஜேமி கேமரூன் பேர்ள் மொழியில் உருவாக்கி 1997இல் வெளியிட்ட வெப்மின் அவற்றுள் ஒன்று. இதில் செய்யும் மாற்றம் நடைமுறைக்கு வரத் தாமதமானால், பலகமே பழுதுற்றதாகக் கருதி அதனை மறுநிறுவல் செய்வதுண்டு. தாமதம் நிகழும் படிநிலையை முதலில் அளந்தறிய வேண்டும் என்பதை அப்பாச்சி வலை வழங்கியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சேமித்தலும் செயற்படுத்தலும்

வெப்மின் அப்பாச்சியின் அமைவுக் கோப்புகளை நேரடியாகப் படித்துத் திருத்துகிறது. சேமித்தல் என்பது கோப்பில் எழுதுவது மட்டுமே. இயங்கிக்கொண்டிருக்கும் அப்பாச்சி அதனை அறியாது. மாற்றங்களைச் செயற்படுத்தும் பொத்தானை அழுத்திய பின்னரே அது கோப்புகளை மீண்டும் படிக்கிறது. எனவே இவ்விரு படிநிலைகளின் கால அளவையும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.

பகுத்தறியும் முறை

பலகத்தை விலக்கிவிட்டு, கட்டளை முனையத்தில் அப்பாச்சியின் அமைவுச் சோதனையை இயக்கி நேரத்தை அளக்கலாம். அங்கும் அதே தாமதம் தோன்றினால் காரணம் பலகமன்று. அங்கு விரைவாக முடிந்தால் பலகத்தின் அமைவுகளை ஆராயலாம். வெப்மினின் அணுகல் கட்டுப்பாட்டில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் கணினிப் பெயரைத் தேடும் தெரிவு இயக்கப்பட்டுள்ளதா என்பது அவற்றுள் ஒன்று.

பெயர்த் தேடலின் பங்கு

மெய்நிகர் தளங்களின் வரையறையில் ஐ.பி. முகவரிக்கு மாறாகக் களப்பெயர் இருப்பின், கோப்பைப் படிக்கும்போதே அப்பாச்சி அப்பெயருக்குரிய முகவரியைத் தேடுகிறது. லினக்ஸில் ஒரு பெயர் வழங்கியின் மறுமொழிக்குக் காத்திருக்கும் இயல்பான கால அளவு 5 வினாடிகள். பட்டியலில் முதலில் உள்ள பெயர் வழங்கி செயலிழந்திருந்தால், ஒவ்வொரு தேடலும் 5 வினாடி காத்திருந்த பின்னரே அடுத்ததை நாடும். இடைத்தேக்ககம் இல்லாத நிலையில், 10 பெயர்களுக்கு ஏறத்தாழ 50 வினாடிகள் கழியும். தாமதம் ஐந்தின் மடங்குகளாக அமைவது இக்காரணத்தைச் சுட்டும் அடையாளமாகும்.

தீர்வு

செயலிழந்த பெயர் வழங்கியைப் பட்டியலிலிருந்து நீக்குதல், மெய்நிகர் தள வரையறையில் ஐ.பி. முகவரியையோ உடுக்குறியையோ இடுதல், ஒவ்வொரு தளத்திற்கும் அதன் பெயரை வெளிப்படையாக அறிவித்தல் ஆகியன தீர்வுகளாம். காத்திருப்புக் காலத்தை மட்டும் குறைப்பது அறிகுறியை மறைக்குமேயன்றிப் பழுதை நீக்காது.

முடிவுரை

இத்தாமதம் வெறும் நேர இழப்பு அன்று. வரையறையிலுள்ள களப்பெயருக்கு முகவரி கிடைக்காமலே போனால், அப்பாச்சி அந்த மெய்நிகர் தளத்தை அமைக்காமல் விட்டுவிடும். அத்தளத்தை நாடுவோருக்கு அது கிடைக்காது. ஆகவே, இவ்வகைத் தாமதம் வரவிருக்கும் சேவை முடக்கத்தின் முன்னறிவிப்பாகவும் அமையக்கூடும்.