வாங்கியது ஸ்டூடியோ, வராதது கொரில்லா

இங்கிலாந்தின் ட்வைகிராஸ் கிராமத்தில் இயங்கும் ரேர் நிறுவனம், நின்டெண்டோ கருவிகளுக்கு 'டாங்கி காங் கன்ட்ரி', 'கோல்டன்ஐ 007' போன்ற வீடியோ கேம்களை உருவாக்கிப் பெயர் பெற்றது. அதன் 49 சதவீதப் பங்குகளும் நின்டெண்டோவிடமே இருந்தன. ஆனாலும் 2002-இல் மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலர் கொடுத்து ரேரை முழுதாக வாங்கிக்கொண்டது.

ஸ்டூடியோ கைமாறினால் அது வளர்த்த பாத்திரங்கள் எல்லாம் கூடவே போய்விடுவதில்லை. உரிமை யாருடையதோ, பாத்திரமும் அவருடையதே. பாஞ்சோ என்ற கரடியும், அதன் முதுகுப்பையில் சவாரி செய்யும் கஸூயி என்ற பறவையும் மைக்ரோசாஃப்டிடம் சேர்ந்தன. சிவப்பு டை கட்டிய டாங்கி காங் கொரில்லாவோ நின்டெண்டோவிடமே தங்கிவிட்டது. கொடுத்த விலைக்கு அது பெரிய குறைதான்.

உரிமை ஒருவரிடமே இருந்தாலும் விளையாட்டு மற்றவரின் கருவிக்குப் போகலாம்: மைக்ரோசாஃப்டின் கீழ் ரேர் 2018-இல் வெளியிட்ட 'சீ ஆஃப் தீவ்ஸ்', 2024-இல் மைக்ரோசாஃப்டின் போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்தது.