அட்டை கேட்கும் அதிகாரம்

1950ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7ஆந் திகதி, இலண்டன் மாநகரின் வடபுறத்தே பின்ச்லி என்னும் பகுதியில், கிளாரன்ஸ் வில்கொக் என்பார் தம் மோட்டார் வண்டியிற் சென்றுகொண்டிருந்தார். விதித்த வேகத்தை மீறினார் என ஐயுற்ற பொலிஸ் கொன்ஸ்தாபிள் ஒருவர் வண்டியை நிறுத்தித் தேசிய அடையாள அட்டையைக் காட்டுமாறு பணித்தார். வில்கொக் மறுத்தார். இரண்டு நாட்களுக்குள் ஏதேனுமொரு பொலிஸ் நிலையத்திற் காட்டலாம் எனக் கூறி ஒரு பத்திரத்தைக் கொன்ஸ்தாபிள் நீட்டினார். அதனையும் அவர் ஏற்கவில்லை. வீதியில் எழுந்த இச் சிறு பிணக்கு, அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவைப் பற்றிய பெருவழக்காக வளர்ந்தது.

அந்த அட்டை வந்த வரலாறு எத்தகையது? 1939ஆம் ஆண்டு செப்டெம்பரிற் போர் மூண்டதும், பிரித்தானியப் பாராளுமன்றம் தேசியப் பதிவுச் சட்டத்தை விரைந்து நிறைவேற்றியது. அம் மாதம் 29ஆந் திகதி வீடுதோறும் கணக்கெடுக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வழங்கப்பட்டது. படைக்கு ஆள் சேர்த்தல், உணவைப் பங்கிட்டு வழங்குதல், நாட்டின் பாதுகாப்பு ஆகியனவே அதன் நோக்கங்கள். 1945இற் போர் ஓய்ந்தது, சட்டம் ஓயவில்லை. பகைவரைக் காண வகுத்த ஏற்பாடு, வேகமாக வண்டி ஓட்டியவரையும் விசாரிக்கும் வழக்கமான கருவியாயிற்று. விருந்தாக வந்தது வீட்டுக்குடையதாய் அமர்ந்துவிட்டது.

கீழ் நீதிமன்றம் வில்கொக்கைக் குற்றவாளியெனக் கண்டது. அவர் செய்த மேன்முறையீட்டை 1951ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏழு நீதிபதிகள் விசாரித்தனர். போர்க்காலச் சட்டம் முறைப்படி முடிவுறுத்தப்படாதிருந்தமையால் அது இன்னும் உயிருடன் உள்ளது என்பதே தீர்ப்பு. எனவே வில்கொக் தோற்றார். ஆயினும், பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபு பொலிசாரின் வழக்கத்தைக் கண்டித்தார். போருக்கென ஆக்கிய சட்டத்தை அமைதிக்காலத்தில் எவரிடத்தும் எதற்கும் பயன்படுத்தினால், சட்டத்துக்கடங்கிய மக்களே சட்டத்தை மீறுவோராவர். பொலிசாருக்கு உதவ வேண்டியவர் அவர்மீது வெறுப்புக் கொள்வர் என்பது அவர் கருத்தின் சாரம். 1952ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரசாங்கமே அவ்வட்டையைக் கைவிட்டது.

இவ்வழக்கை ஆராய்வோர், பிற நாட்டுச் சட்டங்களை மூன்று வினாக்களால் அளந்தறியலாம். அட்டையைப் பெற்றிருத்தல் கட்டாயமா? எப்போதும் உடன்கொண்டு செல்லல் கட்டாயமா? காட்டும்படி கேட்க யாருக்கு, எவ்வேளையில் அதிகாரம் உண்டு?

ஜேர்மனியில் 16 வயது நிரம்பிய குடிமகன் அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ பெற்றிருத்தல் வேண்டும். ஆனால் அதனைச் சட்டைப்பையிற் சுமந்து திரிய வேண்டுவதில்லை. பெல்ஜியத்தில் 15 வயது தொடக்கம் அதனை உடன்கொண்டு செல்லவும் வேண்டும். பிரான்சில் அட்டை கட்டாயமில்லை. எனினும், சட்டப்படி நிகழும் சோதனையில் தம்மை இன்னாரென நிறுவ இயலாதவரைப் பொலிசார் தடுத்து வைத்து விசாரிக்கலாம். பிரான்சின் பெருநிலப்பரப்பில் அதற்கு நான்கு மணி நேரமே எல்லை. பிரெஞ்சு மக்கள் இதில் விழிப்பாயிருத்தற்குக் காரணம் உண்டு. 1940இல் விஷி அரசாங்கம் அட்டையைக் கட்டாயமாக்கியது. 1942 டிசெம்பரில் யூதர்களின் அட்டைகளில் அவர் இனத்தைப் பொறிக்கவும் ஆணையிட்டது. பின்னர் 1955ஆம் ஆண்டிலே அட்டை விரும்பியவர் பெறும் ஒன்றாக மாற்றப்பட்டது.

அதிகாரம் வரம்பிழந்தால் நேர்வதைத் தென்னாபிரிக்கா காட்டிற்று. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 16 வயதுக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் தொழில், வதிவிடம் முதலிய விபரங்கள் அடங்கிய ஒரு பதிவேட்டைச் சுமந்து செல்ல வேண்டியவராயினர். கேட்ட இடத்திற் கேட்ட கணத்திற் காட்டத் தவறினால் கைதாக நேரும். வில்கொக்குக்குக் கிடைத்த இரண்டு நாள் தவணை அவர்களுக்கு இல்லை. 1956 ஆகஸ்ட் 9ஆந் திகதி ஏறத்தாழ இருபதினாயிரம் பெண்கள் இதனை எதிர்த்துப் பிரிட்டோரியாவிற் கூடினர். 1960 மார்ச் 21ஆந் திகதி, அவ்வேட்டை எதிர்த்து ஷார்ப்வில் என்னும் ஊரில் திரண்ட மக்கள் மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். இக் கடவுச் சட்டங்கள் 1986இலேயே நீக்கப்பட்டன.

இங்கிலாந்திலோ, 2006இல் மீண்டும் ஓர் அடையாள அட்டைச் சட்டம் பிறந்து, 2010இல் நீக்கப்பட்டது.

இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழி அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தது. பரீட்சைக்குத் தோற்றும் மாணவர் பாடசாலை அதிபர் மூலம் அதற்கு விண்ணப்பிக்கின்றனர். பரீட்சை மண்டபத்திலும் வங்கியிலும் வாக்குச் சாவடியிலும் அது ஒருவரின் உரிமைக்குத் துணை நிற்கிறது. ஆள்மாறாட்டத்தைத் தடுத்தற்கும் அது வேண்டப்படுவதே. ஆகவே, அட்டையே தீதென்று ஒதுக்குதல் பொருந்தாது. அதனை யார் கேட்கலாம், எதற்காகக் கேட்கலாம், காட்டத் தவறியவருக்கு எத்துணைத் தவணை உண்டு என்பனவற்றைச் சட்டம் தெளிவாய் வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறையை மக்களும் அறிந்திருத்தல் வேண்டும். வில்கொக் வழக்கிலே தோற்றார். ஆனால் அவர் எழுப்பிய வினா எட்டு மாதங்களுள் ஒரு நாட்டின் வழக்கத்தையே மாற்றியது.