ஊசிக்கு முன் ஒரு சொல்



2017 பிப்ரவரியில் ஒரு மாலை. உத்தனப்பள்ளிப் பகுதியில் இல்லங்களைச் சந்தித்து வந்தேன். ஆலைப் பணி முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த தாய் ஒருவர் கேட்டார்: “சாமி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஊசி போடப் போகிறார்களாம். போடலாமா, வேண்டாமா?” அருகில் நின்ற பதினான்கு வயது மகளோ, “வேண்டாம் சாமி, தோழிகள் யாருமே போட்டுக்கொள்ளப் போவதில்லை” என்றாள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நீதியாகாது.

அம்மாதம் தமிழ்நாட்டிலும், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்டோர் வரை அனைவருக்கும் ஊசி. ஆனால் வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவின. பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரும் உண்டு. குறித்த நாட்களில் பணி முடியாமல், இயக்கம் மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.

மக்கள் தயங்கியது ஏன்?

முதலாவது, விளக்கம் பிந்தியது. “முன்பே போட்ட பிள்ளைக்கு மறுபடியும் எதற்கு?” என்பது நியாயமான கேள்வி. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஊசி நூற்றில் ஏறத்தாழ 85 குழந்தைகளுக்கே காப்பளிக்கிறது; எஞ்சியோருக்காகவே மறு ஊசி. இவ்விடை வீடு சேருமுன் வதந்தி சேர்ந்துவிட்டது.

இரண்டாவது, பழைய துயரத்தின் நினைவு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தனர். அதை மறந்துவிடுங்கள் என்று எந்தப் பெற்றோரிடம் சொல்ல இயலும்? எனினும் அத்தகைய இழப்பு மிக அரிது. 2000 முதல் 2023 வரை தட்டம்மைத் தடுப்பூசி ஆறு கோடி இறப்புகளைத் தவிர்த்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சொல்பவரையே மக்கள் நம்புவர்.

மூன்றாவது, கூலி. ஊசி போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் வேலைக்குச் செல்ல முடியாது. ஒரு நாள் ஊதியம் போகும். இதை அவர்கள் வெளியே சொல்வதில்லை.

ஆனால் மறுப்பதற்கும் ஒரு விலை உண்டு அன்றோ? தட்டம்மை கண்ட ஒருவர் அருகே காப்பற்றோர் பத்துப் பேர் இருந்தால், ஒன்பது பேர் வரை அதற்கு ஆளாவர். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வரிசை வீடுகளை எண்ணிப் பாருங்கள். ரூபெல்லாவோ சிறுமிக்கு லேசான காய்ச்சலாய் வந்து போகும். கருவுற்ற தாயைத் தொடக்க மாதங்களில் தாக்கினால், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் குறை ஆகியவை நேரலாம். ஆகவே மகளுக்குப் போடும் ஊசி நாளைய பேரக்குழந்தைக்கும் காவல்.

அத்தாயையும் மகளையும் மறுநாள் சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துச் சென்றேன். அவர் அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். “ஓரிரு நாள் கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் வரும்” என்று ஒளிக்காமல் மகளிடமே சொன்னார். தாய் இசைந்தார். மகளும் கை நீட்டினாள். அடுத்த நாள் தோழியர் இருவரை அவளே அழைத்துச் சென்றாள். என் பிரசங்கம் செய்யாததை அச்சிறுமியின் சொல் செய்தது.

2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொள்வதை அன்புச் செயல் என்றார். அன்பு கட்டளையிடுவதில்லை, அருகில் அமர்ந்து விளக்குகிறது.

ஆகவே பெற்றோரே, தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஐயமிருந்தால் கைப்பேசியைக் கேளாமல் செவிலியரைக் கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோ ஒவ்வாமையோ இருந்தால் முன்னரே சொல்லுங்கள். ஊசிக்குப்பின் அரை மணி நேரம் அங்கேயே காத்திருங்கள். வளர்ந்த பிள்ளையின் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். அண்டை வீட்டுத் தாய் வேலைக்குப் போகும் நாளில், அவர் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் தடுப்பூசிப் பணியே.